வில்லியம் மோரிஸைப் பார்க்க: வால்தம்ஸ்டோவா, கெல்ம்ஸ்காட்டா?

வில்லியம் மோரிஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய வடிவமைப்பாளர், சோஷலிஸ்ட். அவர் வாழ்ந்த இரண்டு வீடுகளை இன்று போய்ப் பார்க்கலாம். வால்தம்ஸ்டோ அருங்காட்சியகம் லண்டனுக்குள்ளேயே இருக்கிறது. 1848 முதல் 1856 வரை மோரிஸின் குடும்பம் வாழ்ந்த வீடு அது. 1950-இல் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் கிளெமென்ட் அட்லி அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். நுழைவு இலவசம், உழைப்பாளிகளுக்கும் அழகு வேண்டும் என்று வாதாடியவருக்கு இதுவே சரியான மரியாதை. சோஷலிசத் துண்டுப் பிரசுரங்களை அவர் சுமந்து திரிந்த தோள்பையும் இங்கேதான் உள்ளது. அதன் முன்னால் கொஞ்சம் நின்று பாருங்கள். பணக்காரர் வீட்டுச் சுவர்களுக்குக் காகிதம் வடிவமைத்த அதே மனிதர்தான் இந்தப் பையோடு தெருமுனையில் பேசினார். அந்த முரண்பாடு அவரையே உறுத்தியது.

கெல்ம்ஸ்காட் மேனர், தேம்ஸ் ஆற்றின் மேல்பகுதியில், கரையோரக் கிராமம் ஒன்றில் உள்ள பழைய கல்வீடு. 1871-இல் குத்தகைக்கு எடுத்தார். தோட்டத்துப் பழங்களைப் பறவைகள் திருடியதைப் பார்த்துத்தான் 1883-இல் 'ஸ்டிராபெரி தீஃப்' (ஸ்டிராபெரித் திருடன்) துணி வடிவத்தை வரைந்தார். முழுத் துணியையும் அவுரி என்ற நீலச் சாயத்தில் முக்கி, தேவையான இடத்தில் மட்டும் நிறத்தை வெளுக்கவைத்து அச்சிடும் முறை. நாள்கணக்கில் வேலை வாங்கும். 1896-இல் இறந்தவரை இந்த ஊர்த் தேவாலய வளாகத்தில்தான் அடக்கம் செய்தார்கள். இங்கே கட்டணம் உண்டு, எல்லா நாளும் திறந்திருக்காது.

ஒரு நாள்தான் கையில் இருக்கிறதென்றால், தயங்காமல் வால்தம்ஸ்டோ போங்கள்.