திருகோணமலை – மட்டக்களப்பு காலை பஸ்

கிண்ணியா, மூதூர், வாகரை வழியாக மட்டக்களப்பு போகும் காலை பஸ் எப்படி என்று யாராவது கேட்டால், தாராளமாக ஏறுங்கள் என்றுதான் சொல்வேன். பாலங்கள் வந்த பிறகு பாதைக்காக (வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்காக) காத்துக் கிடக்கிற தொல்லை இல்லை, மிச்சக் காசும் ஒழுங்காக வரும். ஜன்னலோரம் கிடைத்தால் கிண்ணியாப் பாலத்துக் காற்றுக்கே கொடுத்த காசு சரி.

ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஏறும் பஸ் இது. மதகுருமாருக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் ஒதுக்கியதைத் தவிர, முதலில் ஏறியவருக்குத்தான் இடம். நான் வழக்கமாக ஏறும் பஸ்ஸின் நடத்துனர் ஐயா, உம்மா, நானா, அக்கே என்று ஆளுக்கேற்றபடி கூப்பிட்டுத்தான் டிக்கட் கொடுப்பார்.

இதைப் போய் ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், இந்த மரியாதையைக் கேட்டுத்தான் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மொன்ட்கோமரி நகரத்தில் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏறாமல் இருந்தார்கள். அங்கே முன் ஆசனங்கள் வெள்ளையருக்கு. கறுப்பினத்தவர் பலர் முன்வாசலில் காசைக் கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலால் ஏற வேண்டியிருந்தது. அதற்குள் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விடும் சாரதிகளும் இருந்தார்கள். 1955 டிசம்பர் 1 மாலை தையல் வேலை முடிந்து வந்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் வெள்ளையர் ஆசனத்தில்கூட உட்காரவில்லை, அதற்கு அடுத்த வரிசையில் இருந்தார். முன்பக்கம் நிறைந்து ஒரு வெள்ளையர் நின்றதும் அந்த வரிசையையே காலி செய்யச் சொன்னார் சாரதி. ரோசா பார்க்ஸ் எழும்பவில்லை, அவரைக் கைது செய்தார்கள்.

டிசம்பர் 5 முதல் புறக்கணிப்பு. பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். அவர்கள் நடந்தார்கள், சுமார் 300 கார்களைச் சேர்த்து முறை வைத்து ஆட்களை ஏற்றினார்கள், புறக்கணிப்பை முன்னின்று நடத்திய மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தபோதும் அமைதியை விடவில்லை. ஆரம்பத்தில் கேட்டது மூன்றே விஷயம்: சாரதிகள் மரியாதையாக நடக்க வேண்டும், ஏறிய ஒழுங்கில் ஆசனம் வேண்டும், கறுப்பினத்தவர் அதிகம் போகும் வழிகளில் கறுப்பினச் சாரதிகள் வேண்டும். அதையும் தரமாட்டோம் என்றார்கள் நகர நிர்வாகத்தினரும் பஸ் கம்பனிக்காரரும். கடைசியில் ஆசனம் பிரிக்கிற சட்டமே செல்லாது என்று 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. (அதே 1956 ஆகஸ்டில்தான் தமிழரசுக் கட்சி மாநாட்டுக்கு ஆட்கள் திருகோணமலைக்கு நடந்தே வந்தார்கள். நடப்பது நம் ஊருக்கும் புதிதல்ல.)

சரி, இனிக் குறை. யாழ்ப்பாணப் பக்கம் போகும் வேறொரு பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருந்த, சாரம் கட்டிய ஒரு வயதான மீன்காரரை, "எழும்பு, பின்னால போ" என்று ஒருமையில் விரட்டிவிட்டு, பிறகு ஏறிய ஒரு கந்தோர்க்காரரை அங்கே இருத்தினார் நடத்துனர். ஏன் என்று கேட்டேன், பதிலே இல்லை. மொன்ட்கோமரியில் சட்டமே அப்படி இருந்தது, இங்கே அப்படி ஒரு சட்டமும் இல்லை, அப்புறம் எந்த உரிமையில் எழுப்புகிறார்? மீன்காரரும் முழுக் காசு கொடுத்தவர்தானே. அந்தப் பஸ்ஸில் எவ்வளவு குளிரூட்டி இருந்தாலும் நான் நல்ல பஸ் என்று சொல்லமாட்டேன்.

இப்படி நடந்தால் டிக்கட்டை எறியாதீர்கள், பஸ் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மாகாணம் விட்டு மாகாணம் போகும் பஸ் என்றால் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.