முதல் நாளுக்கு மட்டும் மார்க் போடலாம்

என் டீமில் பதினோரு பேர், மூன்று நாடுகளில். மீட்டிங் முடிவில் "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று கேட்டால் டென்மார்க்காரர் மட்டும் பிடிபிடியென்று பிடிப்பார். மலேசியாவில் இருக்கும் நால்வர் மைக்கையே திறக்க மாட்டார்கள். அதற்கு வழி தேடித்தான் பல நாட்டு ஊழியர்களை நிர்வகிப்பது பற்றிய இந்த இரண்டு நாள் ஆன்லைன் பயிற்சியில் சேர்ந்தேன். செலவு கம்பெனியுடையது.

முதல் நாள் அருமை. மேலாளரும் ஊழியரும் பேசி இலக்கை முடிவு செய்யும் முறையை எடுத்துக்கொண்டார்கள். அதில் கீழே இருப்பவர் மேலே இருப்பவரோடு பேரம் பேசுவார் என்பது சொல்லாமலே எடுத்துக்கொண்ட கணக்கு. பெரியவர் சொன்னால் சரி என்று வளர்ந்தவரிடம் அதே படிவத்தை நீட்டினால் பேரம் எங்கே நடக்கும்? எனக்குச் சுருக்கென்றது. போன வருடம் மாதிரிக்கு நான் அனுப்பிய இலக்கை ஒருவர் அப்படியே நிரப்பித் திருப்பி அனுப்பியிருந்தார், என் எழுத்துப்பிழையோடு சேர்த்து. நானும் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்திருந்தேன்!

இரண்டாம் நாள்தான் சொதப்பல். நாடுகளின் பண்பாட்டை ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெட் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பின் எண்களை ஜாதகம் மாதிரி வாசித்தார் பயிற்சியாளர். அதிகார இடைவெளியில், அதாவது மேலே இருப்பவருக்கே அதிகாரம் என்பதைக் கீழே இருப்பவர் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார் என்பதில், மலேசியா 104, டென்மார்க் 18. (ஆமாம், அந்த அளவுகோல் நூறைத் தாண்டும்.) இவை நாட்டுக்கான எண்கள், தனி ஆளை எடைபோட அல்ல என்று ஹாஃப்ஸ்டெட்டே சொல்லியிருக்கிறார். ஒரே கம்பெனி ஊழியர்களை வைத்து ஒரு தேசத்தையே அளக்கலாமா என்று மெக்ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2002-இல் கேட்ட கேள்வியும் ஸ்லைடில் இல்லை.

என் நால்வரில் இருவர் ஒப்பந்த ஊழியர்கள். "அவங்க பேசாதது பண்பாட்டாலா, ஒப்பந்தத்தாலா?" என்று கேட்டேன். "நல்ல கேள்வி, பிரேக்குக்கு அப்புறம் பார்ப்போம்" என்றார். பிரேக் முடிந்தது, பதில் வரவில்லை.

ஐந்துக்கு மூன்று. அந்த மூன்றும் முதல் நாளுக்கு. அங்கே கற்றபடி இப்போது கேள்விகளை முந்தின நாளே எழுத்தில் அனுப்புகிறேன், கூட்டத்தில் ஜூனியரிலிருந்து ஆரம்பிக்கிறேன். நிரந்தர ஊழியர்கள் இருவரும் எழுத ஆரம்பித்தார்கள். ஒப்பந்தக்காரர்கள் அப்போதும் மௌனம்தான். போன மாதம் ஒருவருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அடுத்த மீட்டிங்கிலேயே மைக்கைத் திறந்து, என் எஸ்டிமேட்டில் இரண்டு வாரம் உதைக்கிறது என்றார்.