மெர்க்ரூசர் ஆல்ஃபா ஒன் ஜென் 2 பெல்லோஸ் கிட்: எதைக் கம்பெனியில் வாங்குவது, எதை மதுரையில் வாங்குவது?

கோச்சடையில் ஃபென்னர் வி-பெல்ட் செய்கிற ஊர் மதுரை. ரப்பர் சாமான் எதுவானாலும் இங்கே தேடினால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் அளவு கொடுத்துச் செய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை இங்குள்ள பட்டறைக்காரர்களுக்கு உண்டு. மண்டபத்துக்கும் தொண்டிக்கும் டிரெய்லரில் இழுத்துப் போகிற பழைய ஸ்டெர்ன்டிரைவ் படகுக்கு அந்த நம்பிக்கை ஓரளவுதான் உதவும். எஞ்சின் படகுக்குள்ளே, கியரும் புரொப்பெல்லரும் வெளியே (டிரைவ் என்பது இதைத்தான்), நடுவில் பின்பலகையில் ஒரு பெரிய ஓட்டை. படகு மிதக்கும்போது அந்த ஓட்டை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். தண்ணீரைத் தடுத்து நிற்பது பெல்லோஸ் என்கிற மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய்தான்.

இங்கே பேசுவது 1991 முதல் வந்த ஆல்ஃபா ஒன் ஜென் 2 (இரண்டாம் தலைமுறை) டிரைவுக்கு மெர்க்ரூசர் கம்பெனி விற்கிற பெல்லோஸ் கிட்டைப் பற்றி. வாங்க வேண்டிய கிட்தான். அதில் மூன்று ரப்பர்கள் முக்கியம்: ஷாஃப்ட்டின் மடங்கும் மூட்டை மூடும் யு-ஜாயின்ட் பெல்லோஸ், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பெல்லோஸ், கியர் கேபிளுக்கான சிறிய பெல்லோஸ். ரப்பர் மட்டும் உள்ள கிட், டிரைவுக்குப் போகும் ஷாஃப்ட்டைத் தாங்குகிற ஜிம்பல் பேரிங்கும் சேர்ந்தது, கியர் கேபிளும் சேர்ந்தது என்று பல வகை உண்டு. பழைய படகென்றால் பேரிங்கும் கேபிளும் உள்ளதையே வாங்குங்கள். மூன்றையும் மாற்ற ஒரே பிரிப்பு வேலைதான். கேபிளை விட்டுவைத்தால் அதே வேலையை மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டிவரும். ஆர்டர் போடும் முன் டிரைவின் சீரியல் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜென் 1 கிட் ஜென் 2-வில் உட்காராது.

மதுரை வெயிலில் நிற்கிற படகின் பெல்லோஸ், ஓட்டின மணிக்கணக்கைப் பார்த்துக் கெடுவதில்லை. டிரைவைத் தூக்கியபடி மாதக்கணக்கில் நிறுத்தினால் அடிப்பக்க மடிப்புகள் இழுபட்டே நிற்கும், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். டிரைவை இறக்கி வைத்து நிறுத்துவதே சரி. பார்க்கும்போது மட்டும் முழுக்கத் தூக்கி, டார்ச் அடித்து, ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விரித்துப் பாருங்கள். மேல் விளிம்பு பளபளப்பாகவே இருக்கும். கீறல் பள்ளத்தில் ஒளிந்திருக்கும். ஒரே ஒரு வெடிப்பு தெரிந்தாலும் தண்ணீரில் இறக்கக் கூடாது. கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

டிரைவைக் கழற்றும்போது ஆல்ஃபாவுக்கென்று ஒரு விதி இருக்கிறது: கியர் லீவர் முன்கியரில் இருக்க வேண்டும், மாட்டும்போதும் அப்படியே. இதை மறந்துவிட்டு, டிரைவ் வரவில்லையே என்று கடப்பாரை போட்டு நெம்பி ஷிஃப்ட் ஷாஃப்ட்டைக் கெடுப்பவர்கள் உண்டு. டிரைவைத் தூக்கி இறக்கும் டிரிம் சிலிண்டர்களின் பின்முனைப் பின்னைக் கழற்றி, டிரைவைச் செயின் பிளாக்கில் தாங்கவிட்டு, ஆறு நட்டுகளையும் எடுத்தால் நேராகப் பின்னால் வரும். உள்ளே துருத்தண்ணீர் கொட்டினால் பெல்லோஸ் எப்போதோ போய்விட்டது என்று அர்த்தம். யு-ஜாயின்ட் கப்புகளில் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். ஜிம்பல் பேரிங்கின் உள்வளையத்தை விரலால் சுற்றுங்கள். மணல் அரைபடுவது போல் நெரநெரத்தால் மாற்ற வேண்டியதுதான். படகைத் திருப்பும்போது மட்டும் பின்பக்கம் உறுமுவதும் இதே பேரிங்தான்.

இந்தப் பேரிங்குக்கு உள்விட்டமும் வெளிவிட்டமும் அளந்து மதுரையில் சாதாரண பால் பேரிங் வாங்க நினைக்காதீர்கள். இதன் வெளிவளையம் உருண்டை வடிவம். ஷாஃப்ட் போகும் கோணத்துக்கு ஏற்பத் திரும்பிக்கொடுக்கும். சாதாரண பேரிங் திரும்பாது, சீக்கிரமே அரைத்துப் போகும். பழையதை மூன்று கால் ஸ்லைடு-ஹேமர் புல்லரால் இழுக்க வேண்டும். புதியதைத் தட்டும்போது வெளியே உள்ள பிளவு வளையத்தின் வாய், கிரீஸ் துளைக்கு நேராக இருக்க வேண்டும். மாறிப் போனால் கிரீஸ் பேரிங்குக்குள் போகவே போகாது. சீல் வைத்து வரும் புதுவகை பேரிங்குக்கு இந்தக் கவலை இல்லை.

ரப்பர்களை மாற்ற, டிரைவ் மாட்டுகிற பெல் ஹவுசிங்கையே கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருக்கும் பின்களைக் கழற்றும் ஹிஞ்ச்-பின் டூல் இல்லாமல் இறங்காதீர்கள். பொருந்தாத கட்டையைப் போட்டுப் பின்னின் வாயை உருட்டிவிட்டால் பிறகு லேத்காரரிடம்தான் போக வேண்டும். பெல்லோஸ் உட்காரும் விளிம்பில் பழைய பசையையும் வெள்ளை அரிப்பையும் வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்டி, பெல்லோஸ் பசையைத் தடவி, ஒட்டும் பதத்துக்கு உலரவிட்டு ஏற்ற வேண்டும். கிளாம்புக்குக் கீழே வரும் சின்ன எர்த் கிளிப்பைக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கிளாம்ப் தனியாக அரிக்கும். எக்ஸாஸ்ட் பெல்லோஸ்தான் பொறுமையைச் சோதிப்பது. இதற்குப் பதில் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் எக்ஸாஸ்ட் டியூப்பும் கம்பெனியிலேயே வருகிறது. மாட்டுவது சுலபம், தண்ணீர் தடுப்புக்கும் பாதகமில்லை. பொழுதுபோக்குப் படகுக்கு டியூப்பே போதும் என்பது எங்கள் கருத்து.

டிரைவை ஏற்றும் முன், எஞ்சின் நேராக நிற்கிறதா என்று காட்டும் அலைன்மென்ட் பார் விட்டுப் பார்க்காமல் விடாதீர்கள். பாரின் நுனியில் கிரீஸ் தடவி, பேரிங் வழியாக எஞ்சின் பக்கக் கப்ளர்வரை இரண்டு விரலால் தள்ளினால் போக வேண்டும். வெளியே எடுத்தால் ஸ்பிளைன் பற்களின் தடம் சுற்றிலும் ஒரே சீராகப் பதிந்திருக்க வேண்டும். மேலேயோ கீழேயோ மட்டும் பதிந்தால் எஞ்சினின் முன் மவுன்ட்டுகள் இரண்டையும் ஒரே அளவு ஏற்றியோ இறக்கியோ சரிசெய்யுங்கள். இதை விட்டுவிட்டால் புதுப் பேரிங்கும் கப்ளரும் சீக்கிரமே போகும். பிறகு புது ஓ-ரிங்குகள், ஸ்பிளைனில் கிரீஸ், ஆறு நட்டுக்கும் டார்க் ரெஞ்சில் 68 நியூட்டன்-மீட்டர்.

கியர் ஆயிலைக் கீழ்த் துளை வழியாகப் பம்ப் செய்து, மேல் வென்ட்டில் குமிழி நின்று ஆயில் வரும்வரை ஏற்றுங்கள். ஆயில் அளவைக் காட்டும் மானிட்டர் பாட்டிலோடு சேர்த்துச் சுமார் 1.9 லிட்டர் பிடிக்கும். வடித்த ஆயில் பால் கலந்த காபி போல் இருந்தால் சீல் போயிருக்கிறது. லாரிக்கு ஊற்றும் தொண்ணூறு நம்பர் ஆயில் வேண்டாம், மரைன் கியர் ஆயில்தான்.

இனி ஊர்க்கடைக்கு வருவோம். ஆல்டர்னேட்டர் பெல்ட், ஹோஸ், வாஷர் எல்லாவற்றையும் இங்கேயே தாராளமாக வாங்கலாம். ஹோஸ் கிளாம்பின் பட்டை ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருக்கும், திருகு முலாம் பூசிய இரும்பாக இருக்கும். கடையிலேயே திருகில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஆயில் சீலை அளவு பார்த்து வாங்கும்போது உள் ஸ்பிரிங் ஸ்டெயின்லெஸ்தானா என்று கேளுங்கள். இல்லையென்றால் கடல்நீரில் ஸ்பிரிங் துருப்பிடித்து அறுந்துவிடும். தண்ணீர் பம்ப்பின் இம்பெல்லரைக் கம்பெனியிலேயே வாங்குங்கள். பழைய இம்பெல்லரில் இறக்கை உடைந்திருந்தால் உடைந்த துண்டுகளை எண்ணி, ஒன்றுவிடாமல் குழாய்களில் தேடி எடுங்கள். கூலரில் ஒரு துண்டு மாட்டினாலும் எஞ்சின் சூடேறும். டிரைவுக்குப் பதிலாகத் தான் அரிபடும் ஆனோடு, அலுமினியத்தில் வாங்குங்கள். ஏரியில் துத்தநாகம் மேல்பூச்சு படிந்து செத்துவிடும், கடலில் மெக்னீசியம் சீக்கிரம் கரையும். அலுமினியம் இரண்டுக்கும் ஒத்துவரும். அதன்மேல் பெயின்ட் படக் கூடாது.

முதல் தடவை தண்ணீரில் இறக்கியதும் டிரெய்லரிலிருந்து முழுக்க விடுவிக்காதீர்கள். எஞ்சின் மூடியைத் திறந்து, உள்பக்கம் பின்பலகை ஓட்டையில் உள்ள ஜிம்பல் ஹவுசிங்கின் அடியில் காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து அதே இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அங்கேயே மேலே இழுத்துவிடுங்கள்.