மூன்று வருட ஸ்மூத்தியும் ஒரு ரப்பர் வாஷரும்

போன வாரம்தான் பிளெண்டரை ரிப்பேர் பார்த்து எடுத்து வந்தேன். விஷயம் தெரிந்ததும் தோழி போன் செய்தாள். "நானும் காலையில ஸ்மூத்தி ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்டி. நீ வச்சிருக்கிறதையே வாங்கிடவா?" சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று வருடமாக வாரத்தில் ஐந்தாறு நாள் உழைத்த பொருள். திட்டினால் பாவம், பாராட்டினால் என் மனசு பொறுக்காது.

கப்பில் எல்லாவற்றையும் போட்டு, பிளேடு மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்து அழுத்தும் வகை இது. வாட், கொள்ளளவெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும், அதை விடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் போடுவது பெரும்பாலும் ஒரே கூட்டுதான்: ஒரு வாழைப்பழம், ஃப்ரீசரில் வைத்த மாம்பழத் துண்டு ஒரு கைப்பிடி, 200 மி.லி. பால், இரண்டு டேபிள்ஸ்பூன் பீநட் பட்டர். வெறும் பழமும் பாலும் அடித்துக் குடித்த காலத்தில் பத்து மணிக்கெல்லாம் வயிறு கிள்ள ஆரம்பித்துவிடும். பட்டர் சேர்ந்த பிறகு மதியம் வரை தாங்குகிறது. கொழுப்பும் புரதமும் இருந்தால் இரைப்பை காலியாக நேரம் பிடிக்கும், அதனால்தான். ஆனால் கை அளவுக்கு அள்ளக் கூடாது. இரண்டு டேபிள்ஸ்பூன் என்பது 32 கிராம். அதிலேயே சுமார் 190 கலோரி, 16 கிராம் கொழுப்பு, 7 கிராம் புரதம் வந்துவிடும். ஸ்பூனைக் குவித்து எடுத்தால் மூன்று ஸ்பூன் கணக்கு. நான் கப்பைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, எடை பார்த்துத்தான் போடுகிறேன்.

பட்டரில் கடலை, மிஞ்சிப்போனால் கொஞ்சம் உப்பு, இவ்வளவுதான் இருக்க வேண்டும். மேலே எண்ணெய் மிதந்தால் கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் கொழுப்பு அதில் இல்லை என்று அர்த்தம். பாட்டிலை ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்துக் கிளறினால் சரியாகிவிடும்.

எனக்குப் பிடிபட நாலு மாதமானது போடும் வரிசை. கப் கவிழும் என்பதால் கடைசியில் போடுவதுதான் பிளேடுக்குப் பக்கத்தில் வரும். பட்டரைக் கடைசியில் போட்டால் அது பிளேடைச் சுற்றி அப்பிக்கொள்ளும். மோட்டார் உறுமும், பழம் அசையாது. உறைந்த பழத்தைக் கடைசியில் போட்டால் பிளேடைச் சுற்றிக் காற்றுப் பை உண்டாகி வெறுமனே சுற்றும். அதனால் உறைந்த பழம் அடியில், அதன்மேல் பட்டர், அதை மூடுகிற மாதிரி வாழைப்பழம், எல்லாவற்றுக்கும் மேல் பால். இப்படிப் போட்டால் 40 வினாடியில் ஒரு கட்டிகூட இல்லாமல், நாக்கில் வழுக்கிக்கொண்டு இறங்குகிற பதம் வருகிறது. அந்த முதல் வாய்க்காக இந்த மெஷினை எத்தனை முறை மன்னித்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

பெர்ரி பழம் போடுகிறவர்களுக்கு ஒன்று. 2023-ல் 'ஃபுட் அண்ட் ஃபங்ஷன்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. வாழைப்பழத்தை நறுக்கினால் கறுக்க வைக்கிற நொதி, பெர்ரியில் இருக்கிற 'ஃபிளவனால்' என்ற சத்தையும் அழித்துவிடுகிறதாம். கேப்ஸ்யூலாக விழுங்கியபோது இரத்தத்தில் சேர்ந்ததைவிட, வாழைப்பழ ஸ்மூத்தியோடு குடித்தபோது 84 சதவீதம் குறைவு. சிலரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுதான், வாழைப்பழமும் கெட்டதாகிவிடாது. ஆனாலும் பெர்ரி போடும் நாளில் நான் வாழைப்பழம் சேர்ப்பதில்லை.

இனி வாஷர்.

பிளேடு மூடிக்குள் ஒரு பள்ளம், அதில் ஒரு ரப்பர் வளையம். கப் கசியாமல் இருப்பது அதனால்தான். சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் ஊற்றி 30 வினாடி ஓட்டினாலே சுத்தமாகிவிடும் என்று கூட வந்த குறிப்பில் எழுதியிருந்தது. கப் பளிச்சென்று ஆவது உண்மை. வாஷருக்கு அடியில் அந்தத் தண்ணீர் எட்டிக்கூடப் பார்க்காது. பட்டர் மட்டும் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். பழச்சாறு என்றால் அலசலில் கரைந்து வரும். பட்டரின் எண்ணெய் வராது.

ஆறாவது மாதம் மூடியைத் திறந்தாலே ஒரு சிக்கு வாடை. பல்குத்தும் குச்சியை விட்டு வாஷரை நெம்பி எடுத்தேன். அடியில் மஞ்சளாக ஒரு பிசுக்கு வளையம், விரலில் இழுத்தால் நூல் விட்டது. ஓரத்தில் மிளகைப் பொடித்துத் தூவின மாதிரி கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை. என் மகனும் அதே கப்பில்தான் தினமும் குடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அதிலிருந்து தினமும் கழற்றித்தான் கழுவினேன். பிடித்து இழுக்க அதில் ஒரு காது கிடையாது, நகமும் நுழையாது, குச்சிதான் கதி. தினமும் நெம்பினால் ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? இழுபட்டுத் தளர்ந்து, பள்ளத்தில் பொருந்தாமல் கசிய ஆரம்பித்தது. பால் சொட்டிச் சொட்டி அடியில் இறங்கியது. பிளேடு கீச்சிட்டது, ஒரு நாள் சுற்றவே இல்லை. ரிப்பேர் பார்த்தவர் மூடியைக் கழற்றிக் காட்டினார். "வாஷர் லூஸு. தண்ணி இறங்கி, பிளேடு தண்டு சுத்துற வளையம் இருக்குல்ல, புஷ்ஷு, அது துரு புடிச்சிருச்சும்மா. மோட்டார் நல்லாத்தான் இருக்கு." கழற்றாவிட்டால் பூஞ்சை, கழற்றினால் கசிவு. அரை இஞ்சில் ஒரு ரப்பர் காது வைத்திருந்தால் இந்த இரண்டுமே இல்லை. அதைக்கூட யோசிக்காமல் ஒரு பொருளைச் செய்து விற்கிறார்களே!

மோட்டாரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதே என்கிறார்கள், நானும் ஓட்டுவதில்லை. ஒரே ஒரு முறை சூடாகித் தானே நின்றது, ஆறவிட்டதும் ஓடியது.

இப்போது குடித்து முடித்த கையோடு வாஷரைக் கழற்றி, சோப்பு போட்ட வெந்நீரில் ஊறவிட்டு, பழைய டூத்பிரஷால் பள்ளத்தைத் தேய்க்கிறேன். ராத்திரி முழுக்க வாஷரும் மூடியும் தனித்தனியாகக் காய்கின்றன. இரண்டு வாஷரை மாற்றி மாற்றிப் போடுகிறேன். வாடை இல்லை.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் நல்ல மெஷின்தான். இருந்தும் தோழியிடம் "வேண்டாம்டி" என்றேன். "கடையில மூடியைக் கையில வாங்கிப் பாரு. வாஷர் விரலாலேயே கழண்டு வந்தா மட்டும் எடு, எந்தக் கம்பெனியா இருந்தாலும் சரி." "அப்ப நீ மாத்திடப் போறியா?" என்று கேட்டாள். இல்லை. காலையில்தான் இன்னும் இரண்டு வாஷருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.