பூனை வீட்டில் என்சைம் கிளீனர்: மருந்து சரி, பாட்டில்தான் சரியில்லை

"பூனை வந்தாச்சு, பினாயிலை நிறுத்திட்டு இதை வாங்கலாமா?" என்று, பூனை மூத்திரக் கறையையும் நாற்றத்தையும் போக்கும் என்சைம் கிளீனர் ஸ்பிரேயைக் காட்டி ஒரு நண்பர் கேட்டார். இரண்டு வருடப் பயன்பாட்டுக்குப் பின் பதில்: பினாயிலை இன்றைக்கே நிறுத்துங்கள். இதை வாங்குவது பற்றிக் கொஞ்சம் பேசணும்.

கறுப்பு பினாயிலில் தாரிலிருந்து வரும் ஃபீனால்கள், வெள்ளையில் பைன் எண்ணெய். ஃபீனாலை முறித்து வெளியேற்றும் வேலையில் பூனையின் கல்லீரல் மிகவும் பலவீனம். நாய்க்கும் ஆகாது, பூனைக்கு இன்னும் மோசம். தண்ணீரில் விட்டதும் பாலாக வெளுக்கும் எதையும், டெட்டால் உட்பட, இந்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். விஷமாக, பூனை அதைக் குடிக்கவே வேண்டியதில்லை. ஈரத்தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். பென்சல்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினி போட்ட தரைக் கிளீனரில் நாக்குப் புண்ணாகி எச்சில் வடியும், அதுவும் சில மணி நேரம் கழித்து. தரை துடைத்ததுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. மூத்திரத்தின் மேல் பிளீச்சிங் பவுடர் போட்டால், மூத்திரத்திலுள்ள அமோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் குளோரமைன் வாயு கிளம்பும்.

என்சைம் இந்த வம்புக்கெல்லாம் போகாது. சோப்புத் தண்ணீரில் சரியாகக் கரையாத, மூத்திரத்திலுள்ள யூரிக் அமில உப்பையும் உடைக்கிறது. மழைக்காலத்தில் பழைய இடம் திரும்ப நாறுவதற்குக் காரணமே அந்த உப்புதான். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடுப்பேற்றுவது அந்த ஸ்பிரேயர். ஒரு அழுத்துக்கு ஏறத்தாழ 1 மில்லி வரும். பூனை ஒருமுறை மூத்திரம் போவது 30 மில்லி பக்கம். மூத்திரம் டைல்ஸ் இடுக்கு வெள்ளை சிமெண்ட்டுக்குள் இறங்கியிருக்கும், இவர்கள் தருவதோ மேலாகப் படியும் பனித்துளி. ஃபேன் காற்றில் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். காய்ந்தால் என்சைம் வேலை நின்றுபோகும். லேபிளில் "தெளித்துத் துடைக்கவும்" என்று போட்டவர் ஒருநாளாவது பூனை வளர்த்திருப்பாரா? போதாக்குறைக்கு அந்த 'உஸ்' சத்தம்: பூனைக்கு அது இன்னொரு பூனை சீறுவது மாதிரி.

அதனால் ஸ்பிரேயர் தலையைக் கழற்றிவிட்டுப் பாட்டிலிலிருந்து ஊற்றுங்கள். முதலில் மூத்திரத்தைப் பழைய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பினாயில் போட்ட தரையென்றால் வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். கிருமிநாசினி மிச்சம் இருந்தால் என்சைமை முடக்கிவிடும். வெந்நீரும் அப்படித்தான். கறையைவிட நாலு விரல் அகலமாக 40, 50 மில்லி ஊற்றி, ஈரத்துணி போட்டு, மேலே பாலிதீன் ஷீட். ஃபேனை நிறுத்துங்கள். புதுக் கறைக்கு 15 நிமிடம், பழையதுக்கு ஒரு ராத்திரி. பழைய இடம் தெரியவில்லையா, விளக்கை அணைத்து யூவி (புற ஊதா) டார்ச் அடித்தால் பெரும்பாலும் மஞ்சள் பச்சையாக மின்னும். பிறகு வெறும் தண்ணீரில் துடைத்துக் காயும்வரை பூனை அடுத்த அறையில்தான் இருக்க வேண்டும். வினிகரைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள், மார்பிளும் மொசைக்கும் பளபளப்பு போய்விடும்.

"இயற்கை" என்று போட்ட வாசனை வகையைத் தொடவே வேண்டாம். சிட்ரஸ் எண்ணெயும் பூனைக்கு விஷமே. வேறு கிளீனரில் மிதித்துவிட்டால் உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தைக் கழுவுங்கள். நக்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாட்டிலோடு கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

மருந்தில் குறையில்லை. ஆனாலும் இரண்டு நட்சத்திரம்தான், முழுக்க அந்த ஸ்பிரேயருக்காக. ரீஃபில் பை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு நாலு வாங்கி வையுங்கள்.