துண்டுகளாக வந்த மூன்று ஏரிக் கப்பல்கள்: யாவரி, லியெம்பா, எர்ன்ஸ்லா

கடலிலிருந்து கப்பல் நுழைய வழியில்லாத ஏரியில் பெரிய கப்பல் ஒன்றை மிதக்கவிட வேண்டுமானால், அதை வேறோர் இடத்தில் உருவாக்கி, பகுதி பகுதியாகத் தரைவழியே கொண்டுவந்து, கரையில் பூட்டுவதே நீராவிக் காலத்தின் வழக்கம். பெரு நாட்டின் டிட்டிகாக்கா ஏரியிலுள்ள யாவரி, தான்சானியாவின் டாங்கனிக்கா ஏரியிலுள்ள லியெம்பா, நியூசிலாந்தின் வாக்கட்டிப்பு ஏரியிலுள்ள எர்ன்ஸ்லா ஆகிய மூன்றும் அவ்வாறு பிறந்தவை. மூன்றும் நூறாண்டைத் தாண்டியவை. ஆயினும் எர்ன்ஸ்லாவில் மட்டுமே நீராவி எந்திரம் மிஞ்சியிருக்கிறது. பழைய கப்பலைக் காப்பது என்றால் உடலைக் காப்பதா, எந்திரத்தைக் காப்பதா, அது செய்த வேலையைக் காப்பதா என்ற கேள்விக்கு இம்மூன்றும் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. அந்த விடைகளை முடிவு செய்ததில் உரிமையாளர்களின் விருப்பத்தைக் காட்டிலும் ஏரிக்கரையில் கிடைத்த எரிபொருளுக்கே பெரும் பங்குண்டு என்று கருதுகிறேன்.

கொண்டுவந்த சிரமத்தை மட்டும் எடைபோட்டால் யாவரிக்கு மற்ற இரண்டும் ஈடாகா. பெரு அரசு 1861-இல் செய்யச் சொன்ன இக்கப்பல் இங்கிலாந்தில் உருவாகி, யாபுரா என்ற இணைக் கப்பலோடு சேர்த்து மொத்தம் 2,766 துண்டுகளாக, பசிபிக் கரையிலுள்ள அரிக்கா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து தாக்னா வரை ரயில். அதற்கு மேல் ஆண்டீஸ் மலைக் கணவாய்களைக் கடந்து, கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டருக்கு மேல் இருக்கும் ஏரிக்கரை ஊரான புனோ வரை கோவேறு கழுதைகள்தாம். ஆகவே ஒரு துண்டின் எடையைக் கப்பல் கட்டுபவர் விருப்பம்போல வைத்துக்கொள்ள முடியவில்லை. கழுதை சுமக்கும் அளவே எல்லை. தென் அமெரிக்கக் கரைக்கு 1862-இல் வந்த கப்பல் 1870 டிசம்பரில்தான் ஏரியில் இறங்கியது. ஜெர்மனியின் பாப்பன்பர்க்கில் 1913-இல் கட்டப்பட்ட லியெம்பாவுக்கோ சுமார் 5,000 பெட்டிகள் தேவைப்பட்டன. ஆனால் தாருஸ்ஸலாம் துறைமுகத்திலிருந்து ஏரிக்கரையிலுள்ள கிகோமா வரை இருப்புப்பாதை இருந்ததால் அதன் பயணம் இவ்வளவு நீளவில்லை. எர்ன்ஸ்லாவின் வழி இன்னும் எளிது. டனீடினில் உருவான பாகங்கள் ரயிலில் ஏரிக்கரையிலுள்ள கிங்ஸ்டனை அடைந்தன. கப்பல் 1912 பிப்ரவரியில் ஏரியில் இறங்கியது.

எந்திரத்துக்கு வருவோம். டிட்டிகாக்கா மேட்டுநிலத்தில் நிலக்கரி இல்லை, விறகுக்கு மரமும் அரிது. எனவே யாவரியின் கொதிகலனில் எரிந்தது, லாமா என்னும் அந்நாட்டுச் சுமை விலங்கின் உலர்த்திய சாணம். கைக்கு எட்டியதைக் கொண்டு காரியம் முடித்த அந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் சாணம் எடைக்கு மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்வது, சரக்குக்குரிய இடத்தை எரிபொருளே தின்றுவிடும். இந்த நிலையில், 1914-இல் கப்பலின் உடலை நீட்டி, ஸ்வீடனின் பொலிண்டர் நிறுவனத்தின் நான்கு உருளை எண்ணெய் எந்திரத்தைப் பொருத்தியதைப் பாரம்பரியத்துக்கு நேர்ந்த இழப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. அந்த எந்திரம் தனி வகையைச் சேர்ந்தது. உருளைகளின் தலையிலுள்ள குமிழ்களைத் தீச்சுடரால் நன்கு சூடேற்றிய பின்பே அது இயங்கத் தொடங்கும். நீராவி அக்கப்பலில் இருந்தது 44 ஆண்டுகள். மாற்றாக வந்த எந்திரமோ நூறாண்டைக் கடந்துவிட்டது. இன்று யாவரியைக் காப்பவர்கள் காக்க வேண்டியது அந்தப் பொலிண்டரைத்தான். அதை எடுத்துவிட்டு நீராவியைத் திரும்ப வைத்தால், உள்ள அரிய பொருளை அழித்து இல்லாததற்கு நகல் செய்ததாகிவிடும்.

லியெம்பாவின் வரலாறு வேறு. கிராஃப் கோட்சன் என்ற பெயரில் 1915-இல் ஏரியில் இறங்கிய அதை, முதல் உலகப் போரில் 1916 ஜூலையில் பின்வாங்கிய ஜெர்மானியர்களே மூழ்கடித்தனர். மீண்டும் எடுத்துப் பயன்படுத்தும் எண்ணத்தோடு எந்திரங்களுக்குக் கொழுப்புப் பூசிவிட்டே மூழ்கடித்தனர். பிரிட்டிஷார் 1924-இல் அதை வெளியே எடுத்தபோது எந்திரங்கள் பழுதுபார்க்கும் நிலையிலேயே இருந்தன. உப்பில்லாத ஏரி நீரில் இரும்பு அரிப்பது கடலைவிட மெதுவாகவே நடக்கும் என்பதும் இதற்குத் துணைநின்றது. யாவரியின் அடிப்பகுதி நீடித்ததற்கும் இதுவே காரணம். புதிய பெயரோடு 1927-இல் ஓடத் தொடங்கிய கப்பல், 1970-களில் டீசலுக்கு மாறியது. நீராவி போனது உண்மை. ஆனால் கிகோமாவுக்கும் ஜாம்பியாவின் முபுலுங்குவுக்கும் இடையே, படகுத்துறையே இல்லாத கிராமங்களின் எதிரே நின்று, சிறு படகுகளில் வரும் மக்களையும் மூட்டைகளையும் ஏற்றும் வேலை தொடர்ந்தது. 2015-இல் புருண்டியிலிருந்து தப்பி, தான்சானிய ஏரிக்கரைக் கிராமமான ககுங்காவில் குவிந்த அகதிகளைக் கிகோமாவுக்குக் கொண்டு சேர்த்ததும் இக்கப்பலே. அருங்காட்சியகப் பொருளாகக் கட்டிவைத்திருந்தால் அவர்களுக்கு அது உதவியிருக்காது. அண்மை ஆண்டுகளில் அது பழுதுபார்ப்புக்காக நின்றுபோனதில், கப்பல் ஆர்வலர்களைவிட அக்கரையோர மக்களுக்கே இழப்பு அதிகம்.

எர்ன்ஸ்லாவில் 1912-இன் கொதிகலன் முறையும் இரட்டை எந்திரங்களும் அப்படியே வேலை செய்கின்றன. மணிக்கு ஏறத்தாழ ஒரு டன் நிலக்கரியை மனிதக் கைகள் அள்ளிப் போடுகின்றன. பயணிகள் எந்திர அறைக்கு மேலுள்ள பாலத்தில் நின்று அதைப் பார்க்கலாம். ஆனால் அன்று ஏரிக்கரைப் பண்ணைகளுக்காக ஆடுகளையும் சரக்கையும் சுமந்த வேலை, சாலைகள் வந்த பின் போய்விட்டது. 1969 முதல் அது சுற்றுலாக் கப்பல். அதாவது எந்திரத்தைக் காப்பாற்றியது, பழைய வேலை போனதும் அந்த எந்திரத்தையே காணப் பணம் கொடுக்கும் கூட்டம் கிடைத்ததுதான். நிலக்கரிக்கு ரயில் தொடர்பு இருந்ததும் அதுவரை நீராவியைக் கைவிடாமல் இருக்க உதவியது. கரி அள்ளுபவரின் பழக்கமும் நீராவி அழுத்தத்தைச் சீராக வைக்கும் கைப்பக்குவமும் படங்களால் கடத்த முடியாதவை. எனவே நீராவித் தொழிலை அறிய விரும்புபவருக்கு மூன்றில் எர்ன்ஸ்லாவையே தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஜெனீவா ஏரியின் மோந்த்ரோ என்ற 1904-ஆம் ஆண்டுச் சக்கரக் கப்பல், டீசலுக்கு மாறிய பின் 2001-இல் புத்தம் புதிய நீராவி எந்திரத்துடன் ஓடத் தொடங்கியது. ஆகவே திரும்பிச் செல்வது இயலாத காரியமன்று. ஆனால் அந்த ஏரியில் பயணிகளும் பணமும் பணிமனைகளும் அருகிலேயே இருந்தன. லியெம்பாவுக்கு அத்தகைய மாற்றத்தை நான் கேட்க மாட்டேன். அதற்கு முதலில் வேண்டியது, பழுது தீர்ந்து தன் வழியில் தவறாமல் ஓடுவது. எந்திரம் எதுவாக இருப்பினும் சரி.