நிரப்பிய டேட்டாபேஸோடு ஆப் வெளியிடுவது: ரூம் நூலகத்தை நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

இணையம் இல்லாமலே இயங்கும் தமிழ் அகராதி ஆப் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். சொற்களும் பொருள்களும் ஒரே எஸ்க்யூலைட் ஃபைலில் (முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைலாக இருக்கும் வகை) அடங்கி ஆப்போடு சேர்ந்தே போகின்றன. ஆண்ட்ராய்டில் எஸ்க்யூலைட்டை எளிதாகக் கையாள உதவும் கோடு தொகுப்புதான் ரூம் நூலகம். ஆப்போடு அனுப்பும் ஃபைலை, அதாவது அசெட்டை, நகல் எடுத்து டேட்டாபேஸாக வைக்கும் அதன் கிரியேட்ஃப்ரம்அசெட் வசதியைப் பயன்படுத்துகிறேன். குறள், பஸ் நேரம், மருந்து விவரம் என்று எதையாவது நிரப்பி அனுப்ப நினைப்பவர்களுக்கு இது உதவும்.

ரூம் 2.2 பதிப்பில், 2019-ல்தான் இந்த வசதி வந்தது. அதற்கு முன் அசெட் ஃபைலை நாமே நகல் எடுத்து வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 2.3-க்கு முந்தைய காலத்தில், சுருக்கப்பட்ட அசெட் 1 எம்பியைத் தாண்டினால் திறக்காது. அதனால் சுருக்கப்படாமல் இருக்க, டேட்டாபேஸ் ஃபைலின் பெயர் முடிவில் பாட்டு ஃபைல் போல .mp3 என்று சேர்த்து அனுப்பியவர்கள் உண்டு. 2018-ல் ஆண்ட்ராய்டு 9 வந்தபோது மாற்றங்களை முதலில் பக்கத்தில் ஒரு தனி ஃபைலில் எழுதிவைக்கும் வால் (WAL) முறை இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. நகல் எடுக்கும் கோடைப் பழைய முறையில் தாமே எழுதியவர்களுக்கு ‘அப்படி ஒரு டேபிள் இல்லை’ என்ற பிழை வந்தது இதனால்தான்: மெயின் ஃபைல் மாறியும் பழைய வால் ஃபைல் பக்கத்திலேயே கிடந்தது. ரூம் முதலில் ஒரு தற்காலிக ஃபைலில் நகல் எடுத்து, முழுதும் முடிந்த பிறகே உரிய இடத்துக்கு மாற்றுகிறது. பாதியில் ஆப் நின்றாலும் அரைகுறை டேட்டாபேஸ் மிஞ்சாது. இந்த ஒன்றுக்காகவே ரூமைப் பரிந்துரைப்பேன்.

நகல் எடுப்பது எளிய பகுதிதான். சிக்கலெல்லாம் அப்டேட்டில் இருக்கிறது. அசெட்டில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி வெளியிட்டால், ஏற்கெனவே ஆப்பை வைத்திருப்பவருக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது. டேட்டாபேஸின் பதிப்பு எண்ணை உயர்த்த வேண்டும். மைக்ரேஷன், அதாவது பழைய டேட்டாபேஸைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் கோடு, எழுதியிருந்தால் ரூம் அதை மட்டுமே ஓட்டும், அசெட்டைத் தொடாது. மைக்ரேஷன் இல்லாமல் அழித்து உருவாக்கும் அனுமதியும் கொடுத்திருந்தால், பழைய ஃபைலை நீக்கிவிட்டு அசெட்டை மறுபடி நகல் எடுக்கும். அப்போதும் அசெட் ஃபைலுக்குள் பதிந்திருக்கும் பதிப்பு எண்ணான யூசர்_வெர்ஷன் புதிய பதிப்போடு ஒத்திருக்க வேண்டும். அது பழைய எண்ணாகவே இருந்தால் டேபிள்கள் காலியாக நிற்கும், பயனருக்கு வெற்று அகராதிதான் தெரியும்.

அழித்து உருவாக்குவதைப் பலர் பயந்து ஒதுக்குகிறார்கள். அந்தப் பயம், பயனரின் புக்மார்க்கும் குறிப்புகளும் அதே ஃபைலில் இருக்கும்போது மட்டுமே நியாயமானது. ஆகவே என் உறுதியான கருத்து: நாம் அனுப்பும் தகவலும் பயனர் எழுதும் தகவலும் ஒரே டேட்டாபேஸில் இருக்கவே கூடாது. இரண்டு ஃபைல்கள் வையுங்கள். அகராதி ஃபைலை ஒவ்வொரு அப்டேட்டிலும் தாராளமாகத் தூக்கி எறிந்து புதிதாக வைக்கலாம். பயனர் ஃபைலுக்கு மட்டும் கவனமாக மைக்ரேஷன் எழுதுங்கள். இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரு டேபிளின் வரிசையை இன்னொரு டேபிளோடு இணைக்கும் ஃபாரின் கீ, இரண்டு ஃபைல்களுக்கிடையே வேலை செய்யாது. புக்மார்க் எண்களை முதலில் எடுத்து, அப்புறம் அகராதியில் தேட வேண்டும். எஸ்க்யூலைட் 3.32-க்கு முந்தைய பதிப்புகளில் ஒரே வினவலில் 999 மாறிகளுக்கு மேல் இயல்பாகச் செல்லாது என்பதால் பட்டியலைப் பிரித்து அனுப்ப வேண்டியிருக்கும். அந்த விலையை நான் மகிழ்ச்சியோடு கொடுப்பேன்.

இப்படிப் பிரித்துவிட்டால் சொல்லின் அடையாள எண் என்றும் மாறாமல் இருக்க வேண்டும். வெளியிடும் முன் ஃபைலைச் சுருக்க வேக்யூம் ஓட்டுவோம் இல்லையா, நாமே கொடுக்கும் அடையாள எண் (இன்டிஜர் பிரைமரி கீ) வெளிப்படையாக இல்லாத டேபிளில் அது ரோஐடிகளை, அதாவது எஸ்க்யூலைட் ஒவ்வொரு வரிசைக்கும் தானே தரும் எண்களை, மாற்றிவிடலாம். ‘அன்பு’க்கு வைத்த புக்மார்க் அடுத்த அப்டேட்டில் வேறொரு சொல்லைத் திறக்கும். பயனருக்கு இதைவிட எரிச்சலான அனுபவம் வேண்டாம். நீக்கிய சொல்லின் எண்ணையும் வேறு சொல்லுக்குக் கொடுக்காதீர்கள்.

தமிழ்த் தேடலுக்கு இன்னொரு எச்சரிக்கை. எஸ்க்யூலைட்டில் சொல் தேடலுக்கான எஃப்டிஎஸ்4 டேபிளில், உரையைச் சொற்களாகப் பிரிக்கும் டோக்கனைசர்களில் யூனிகோட்61 நவீனமானது என்று நினைத்துத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். அது எழுத்தையும் எண்ணையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் அதற்கு இடைவெளி மாதிரி. ‘கொடி’ என்பது க, ட என்று உடையும். தேடினால் காடு, கொடு, கூடை எல்லாம் சேர்ந்து வரும். பழைய ‘சிம்பிள்’ டோக்கனைசர் தமிழ் எழுத்துகளை அப்படியே சேர்த்து வைத்துக்கொள்வதால் நமக்கு அதுவே நல்லது. கூடவே, ‘கொ’வை ஒரே குறியாகவும் எழுதலாம், ‘கெ’யோடு கால் சேர்த்தும் எழுதலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு. டேட்டாபேஸ் தயாரிக்கும்போதும் பயனர் தட்டச்சு செய்யும்போதும் என்எஃப்சி என்னும் ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஆண்ட்ராய்டின் தானியங்கி பேக்கப்பில் ஓர் ஆப்புக்கு 25 எம்பிதான் இடம். அகராதி ஃபைலை அதிலிருந்து விலக்கிவிட்டால் பயனரின் குறிப்புகளுக்கு அந்த இடம் முழுதும் கிடைக்கும். சோதிக்கும்போது புதிதாக நிறுவிப் பார்ப்பது போதாது. இரண்டு மூன்று பதிப்புகளுக்கு முந்தைய ஆப்பை நிறுவி, சில புக்மார்க்குகள் வைத்து, அதன் மேலேயே புதியதை நிறுவிப் பாருங்கள். நான் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் இதைச் செய்கிறேன்.